அண்டம் விழுங்கி கேட்ட பங்கு

போன ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் சங்ககிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் புதுப் போஸ்டர். பசை இன்னும் காயவில்லை. 'அண்டம் விழுங்கி – மூன்றாம் பாகம்'. புருவமே இல்லாத ஒரு வெள்ளைக்காரன் இடது கையைத் தூக்கியபடி என்னை முறைத்தான்.

நானும் முறைத்தேன். எங்களுக்குள் பழைய பழக்கம்.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கொட்டாயில மைக்குல கதை சொன்ன புள்ளை நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

போஸ்டரை மோவாயால் காட்டினார். "இவனுக்கு அவங்கண்ணன் பங்கு பிரிச்சுக் குடுத்துட்டானுங்களா?"

நான் என்ன சொல்ல? உண்மையைச் சொல்லும் வயதெல்லாம் அந்த விஷயத்தில் எனக்குக் கடந்துவிட்டது.

"இன்னும் இல்லீங்க. கேசு கோர்ட்டுல இருக்குது" என்றேன்.

"மூணாம் பாகம் வந்தும் முடியலீங்களா..." என்று வருத்தப்பட்டார். "வெளிநாட்டுலயும் வக்கீலுங்க இப்படித்தானாட்ட இருக்குது."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து சங்ககிரி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். ஏனென்றால் அந்தப் படத்தில் அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது, பங்கும் கிடையாது. படம் எடுத்த அமெரிக்காக்காரனுக்கே தெரியாத அந்தக் கேஸைப் போட்டவள் நான்தான்!

முதல் பாகம் வந்தபோது நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு ஊரில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா கைநாட்டு. பெரியப்பா மட்டும் கூட்டுறவு சங்கத்தில் மெம்பர் ஆனபோது தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர். எழுத என்று சொல்வது தவறு... வரைவார். கோலம் மாதிரி.

அந்தக் கோலத்துக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் எம்.ஏ. சேர அப்ளிகேஷன் வாங்கி, நிரப்பி, ஃபோட்டோ ஒட்டி, டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். 'கார்டியன் கையெழுத்து' என்ற இடம் மட்டும் காலி. அப்பா கைநாட்டு வைத்தால் வேண்டாம் என்று எந்தக் காலேஜும் சொல்லாது. ஆனால் எங்கள் வீட்டில் அப்பா தன் கட்டை விரலைக்கூடப் பெரியப்பாவைக் கேட்காமல் மையில் வைக்கமாட்டார்.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். தாத்தா போனபோது அப்பாவுக்குப் பதினாலு வயது. கிணறு, காடு – எங்கள் பக்கம் விவசாய நிலத்துக்கு அதுதான் பேர் – மாடு எல்லாம் பெரியப்பா கைக்கு வந்தது. அப்பா கைக்கு மண்வெட்டி வந்தது. விடிந்தால் அப்பா காட்டுக்குப் போவார். விடிந்தால் பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். இந்த ஏற்பாடு முப்பது வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்தது... பெரியப்பாவைப் பொறுத்தவரை.

அவர் கெட்டவரா? இல்லவே இல்லை. கை நீட்டி யாரையும் அடித்ததில்லை. அதுவரை குரல் உயர்த்தியதுகூட இல்லை. அவரிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது – "பாக்கலாம்."

அம்மா தனிச் சமையலறை கேட்டார். "பாக்கலாம்." ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா, கிணற்று மேட்டுக் காட்டைத் தன் பெயருக்கு எழுதினால் லோன் போட்டு மோட்டார் வைக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒரு தரம் வாய் திறந்து ஆரம்பித்தார். முடிப்பதற்குள் "பாக்கலாம்." அதற்குப் பிறகு அப்பா எதையும் ஆரம்பிக்கவே இல்லை. அந்த வார்த்தை எங்கள் ஊரில் பிரசித்தம். பெரியப்பா குடையோடு தெருவில் போனால், அவர் தலை மறைந்ததும் பெண்கள் 'பாக்கலாம் போறாரு' என்பார்கள்.

என் எம்.ஏ. அப்ளிகேஷனுக்கும் அதே பதில்தான். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் புருவமில்லாதவன் எங்கள் ஊருக்கு வந்தான்.

என் அம்மாவின் தம்பி, கந்தசாமி மாமா, பள்ளிபாளையம் ரோட்டில் ஒரு தியேட்டர் நடத்திவந்தார். தியேட்டர் என்றால் தகரக் கூரை, ஒற்றை புரொஜெக்டர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். ஊரில் கொட்டாய் என்பார்கள். ஒற்றை மெஷின் என்பதால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் படத்தை நிறுத்தி ரீல் மாற்றவேண்டும். இங்கிலீஷ் படம் போட்டால் அந்த இடைவெளியில் மாமா ஒரு வேலை செய்வார். மைக்கைப் பிடித்து, இதுவரை நடந்த கதை, இனி நடக்கப்போகும் கதை இரண்டையும் தமிழில் சொல்வார். எங்கள் ஜனம் கதை புரியாமல் ஒரு அடிதடியைக்கூட ரசிக்காது. யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதுவரை வந்த படங்களில் அது ஒரு குறையாக இல்லை. ராட்சத மீன் கடிக்கிறது என்று சொல்ல இங்கிலீஷ் எதற்கு? ஆனால் இந்தப் படத்தில் கிரகம் விட்டுக் கிரகம் போகிறார்கள். சூரியன் அணைகிறது. மாமா கையைத் தூக்கிவிட்டார். 'நம்ம புள்ளை இங்கிலீசுல பட்டம் வாங்கியிருக்குது' என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் எப்படிப் போனேன் தெரியுமா? காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு, கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஏதோ ஐக்கிய நாடுகள் சபைக்குப் போகிற மாதிரி போனேன். சனிக்கிழமை காலை. காலித் தியேட்டர். எனக்காக மட்டும் படம் ஓட்டினார்கள். ஆபரேட்டர் அர்ஜுனன் அண்ணன் 'ஆரம்பிக்கலாமுங்களா அம்மிணி?' என்று அனுமதி கேட்டார். அதை இப்போது நினைத்தாலும் உச்சி குளிர்கிறது.

படம் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை புரியவில்லை.

சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தை நான் கண்ணால் படித்தவள். காதால் கேட்டவள் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய கவிதைகளைக் கேட்டால் இப்போதும் கடகடவென்று சொல்வேன். ஆனால் அமெரிக்காக்காரன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரியல்லவா பேசினான்! அதிலும் இந்தப் புருவமில்லாதவன் இருக்கிறானே... பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று பேசுகிற ஆள் மாதிரி கடகட கடகட என்று ஒரு குரல். இடையிடையே 'நோ', 'நெவர்' மட்டும் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு வார்த்தைதான். அந்த இரண்டும் எங்கள் வீட்டிலேயே நான் நிறையக் கேட்டவை, தமிழில்.

அவன் செய்கிற காரியங்கள் மட்டும் நன்றாகப் புரிந்தன. இடது கையை உயர்த்தினால் ஒரு சூரியன் அணையும். விரலை மடக்கினால் ஒரு பர்லாங் தூரத்தில் நிற்பவன் தன் பெயரையே மறந்துவிடுவான். சுவருக்குள் புகுந்து வருவான். தூங்க மாட்டான், சாப்பிட மாட்டான். ஆனால் பாருங்கள், சூரியனை அணைக்கிற ஆள் கதவைத் திறப்பதற்கு மட்டும் இரண்டு சிப்பாய்களைக் கூப்பிடுகிறான். சுவருக்குள் புகத் தெரிந்தவனுக்குக் கதவு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஹீரோவைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டு, விரலை மடக்காமல், முக்கால் மணி நேரம் பேசுகிறான். என்ன சக்தி இருந்து என்ன? வாயைக் கட்டத் தெரியவில்லையே.

ஆனால் ஏன்? இதெல்லாம் ஏன் செய்கிறான்?

அதுதான் சிக்கல். எங்கள் ஊரில் வில்லன் என்றால் காரணம் வேண்டும். வரப்பை வெட்டினான், பெண் கொடுக்க மறுத்தான், கோயிலில் முதல் மரியாதை தரவில்லை – இப்படி ஏதாவது ஒன்று. காரணமில்லாமல் ஒருவன் சூரியனை அணைத்தால் 'கிறுக்கன்' என்று எழுந்து போய்விடுவார்கள்.

நடுவில் ஒரு காட்சி. உயரமான மேடையில் வயதான ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் மினுக் மினுக் என்று கிரீடம். புருவமில்லாதவன் அவர் முன்னால் நின்று எதையோ கேட்கிறான். பெரியவர் மெல்ல, மிக மெல்லத் தலையை ஆட்டி மறுக்கிறார். உடனே இவன் வெளியே போய் இன்னொரு சூரியனை அணைக்கிறான்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அந்தத் தலையாட்டலை நான் பிறந்த நாள் முதல் பெரியப்பாவிடம் பார்த்திருக்கிறேனே!

நோட்டில் எழுதினேன்: 'கிரீடம் வைத்தவர் அண்ணன். இவன் தம்பி. அப்பன் விட்டுப்போன கிரகங்கள் பொதுவில் இருக்கின்றன. தம்பி பங்கு கேட்கிறான். அண்ணன் தரவில்லை.'

மாமாவிடம் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியப்பா டவுன் முழுக்க என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? 'பொட்டப்புள்ளைக்கு மூணு வருசப் படிப்பே அதிகம், இன்னும் என்னத்தைப் படிக்கோணும்?' அந்த வாயை அடைக்க எனக்கு அந்த மைக் தேவையாக இருந்தது. என் மகள் இங்கிலீஷ் படத்தையே தமிழில் பெயர்த்துச் சொல்கிறாள் என்று அப்பா நாலு பேரிடம் சொன்னால் போதும், கையெழுத்து தானாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு மேட்னி. கொட்டாய் நிரம்பி வழிந்தது. என்னுடைய நோட்டை வாங்கி மாமாவே படிப்பதாகத்தான் ஏற்பாடு. நான் விடவில்லை. என் இங்கிலீஷை இன்னொருத்தர் வாய் வழியாக விடுவேனா? புரொஜெக்டர் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் தரையில் அப்பா, பக்கத்தில் அவருடைய சேக்காளிகள். சேர் வரிசையில் முதல் ஆளாக, மடியில் குடையோடு, பெரியப்பா. மாமா மரியாதைக்காக அவரையும் அழைத்திருந்தார்.

முதல் ரீல் முடிந்தது. மைக்கைப் பிடித்தேன். அண்ணன், தம்பி, அப்பன் விட்டுப்போன ஏழு கிரகம், பாசனத்துக்கு ஆறு சூரியன். 'தம்பி ராப்பகலாக அத்தனை கிரகத்திலும் பாடுபடுகிறான். அண்ணன் ஒரு விண்கலத்தில் ஏறி டவுனுக்குப் போய்விட்டு வருகிறார்' என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரி நோட்டில் இல்லை. அதுவாக வந்தது.

பெண்கள் பக்கத்தில் 'அடப் பாவமே' என்று ஒரு முனகல். அவ்வளவுதான், எனக்குக் கிறுகிறுவென்று ஏறிவிட்டது. அடுத்த ரீலில் தம்பியின் மனைவி தனிச் சமையலறைக்கு ஏங்குகிறாள் என்றேன். படத்தில் அப்படி ஒரு பெண்ணே இல்லை. யாரும் கேட்கவில்லை. 'அதெல்லாம் சென்சார்ல வெட்டிப்போட்டாங்க' என்று யாரோ யாருக்கோ விளக்கினார்கள்.

மூன்றாவது ரீல் ஓடும்போது கொட்டாய் முழுக்கப் புருவமில்லாதவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அவன் சூரியனை அணைத்தால் விசில். கிரகத்தை நொறுக்கினால் கைத்தட்டல். மஞ்சள் தலைமுடியோடு ஹீரோ குதித்து வந்தபோது முன்வரிசைத் தரையிலிருந்து ஒருவர் கேட்டார்: "பங்காளிங்க சண்டையில உனக்கு என்றா வேலை, போடா அக்கட்ட."

அந்தப் பாவப்பட்ட ஹீரோ அண்டத்தைக் காப்பாற்ற எவ்வளவோ பாடுபட்டான். எங்கள் ஊரில் அவன் எடுபடவில்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கிரீடம், மேடை, தலையாட்டல். அந்த இடத்தில் சரியாக ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். முந்நூறு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி, அண்ணன் என்ன சொன்னான் என்று காத்திருந்தார்கள்.

சும்மா 'மறுத்துவிட்டார்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போனேனா? முந்நூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பேச்சாளருக்கு அடக்கம் வரும்?

ஒரு கணம் நிறுத்தினேன். குரலை மெல்ல இறக்கினேன்.

"அதற்கு அண்ணன் சொன்னார்... பாக்கலாம்."

கொட்டாய் வெடித்தது. தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். இடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரித்தார்கள். அர்ஜுனன் அண்ணன் ரீலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர் வரிசையில் பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். குடையை எடுத்தார். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். சிரிப்பு அடங்கிப்போனது.

சூரியனை அணைக்க இடது கை எதற்கு? சில பேர் எழுந்து நடந்தாலே போதும்.

அன்றைக்கும் அடுத்த நாளும் அம்மா என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார். இத்தனை வருஷமாகத் தான் பொறுத்ததை மகள் ஒரு மைக்கில் கொட்டிவிட்டாளே என்ற பயம். நாளைக்கே வீடு இரண்டுபட்டால் ஊர் அப்பாவைத்தான் சொல்லும், பெண்ணை ஏவிவிட்டான் என்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. சேலத்திலிருந்து என் காலேஜ் தோழி ஃபிலோமினா. சனிக்கிழமை படம் பார்த்த கையோடு அவளுக்கு அவசரமாக எழுதிப் போட்டிருந்தேன். அவள் கான்வென்ட்டில் படித்தவள், சினிமா இங்கிலீஷ் நன்றாகப் புரியும். போன மாதமே சேலத்தில் படத்தைப் பார்த்திருந்தாள். 'அந்தப் புருவமில்லாதவனுக்கு என்னடி கோபம்?' என்று கேட்டிருந்தேன்.

பதில் இப்படி இருந்தது: 'கோபமே இல்லைடி. அவனுக்குச் சத்தம் பிடிக்காதாம். அண்டம் முழுக்க அமைதியாக இருக்க வேண்டுமாம். அதற்காகத்தான் அணைக்கிறான். கிரீடம் வைத்த கிழவர் ராஜா இல்லை, அவனுடைய விண்கலத்துக்கு மெக்கானிக். அது கிரீடமும் இல்லை, லைட் வைத்த தொப்பி. இஞ்சினை இன்னும் வேகமாக ஓட்டக் கேட்கிறான், முடியாது என்கிறார். நீ ஏன் கேட்கிறாய்?'

நான் ஏன் கேட்டேனா...

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சத்தம் பிடிக்காதா? இத்தனை கோடி செலவு செய்து, இத்தனை சூரியனை அணைத்து, கடைசியில் காரணம் இவ்வளவுதானா? என்னுடைய காரணம் எவ்வளவோ மேல்! அப்புறம் யோசித்தேன். வீடு அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒருவர் எத்தனை பேர் வாயை அடைக்க முடியும் என்று எனக்குத் தெரியாதா? அந்த மெக்கானிக் விஷயத்தில் கோட்டை விட்டேன். வில்லன் விஷயத்தில் ஆளைத்தான் மாற்றிவிட்டேன் – பெரியப்பாவின் குணம் உள்ளவனைப் போய்த் தம்பியாக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பா கூப்பிட்டு அனுப்பினார்.

வாசலில் கயிற்றுக் கட்டில். பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அப்பா காட்டிலிருந்து வந்த கோலத்தில், காலில் சேறு காயாமல், எதிரே நின்றுகொண்டிருந்தார். வீட்டில் அண்ணன் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா கதவுக்குப் பின்னால்.

பெரியப்பா கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏஞ் சாமி, அந்த இங்கிலீசுக்காரன் 'பாக்கலாம்'னு தமிழ்லயா சொன்னான்?"

நான் என்ன சொல்வது? 'ஆமாம், படத்தில் அப்படித்தான் வருகிறது' என்று சாதித்தால், வேண்டுமென்று சபையில் வைத்து அவமானப்படுத்தினாள் என்பது நிச்சயமாகிவிடும். 'எனக்குப் புரியவில்லை, நானாகச் சொன்னேன்' என்றால் என் மூன்று வருஷப் படிப்பு சந்தி சிரிக்கும். முன்னது குடும்பத்துக்குக் கேடு, பின்னது எனக்கு. டிரங்குப் பெட்டியில் அப்ளிகேஷன் இருக்கிறது. ஒரு வாரம்தான் பாக்கி.

நான் ரோஷக்காரி. ஆனாலும் அப்பாவின் காலில் இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"அவன் பேசுனது எனக்குப் புரியலீங்க பெரியப்பா. நானாச் சொன்னது."

பெரியப்பா தலையை மெல்ல, மிக மெல்ல ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்ட மாதிரி இருந்தார்.

"மூணு வருசம் ஆஸ்டல்ல வெச்சுப் படிக்க வெச்சோம். ஒரு வார்த்தை புரியல." கட்டிலில் சாய்ந்துகொண்டார். "அப்பறம் எதுக்கு இன்னும் ரெண்டு வருசம்?"

முடிந்தது கதை. அவர் விரலை மடக்கக்கூட இல்லை. நான் என் பெயரை மறந்து நின்றேன்.

அப்போது அப்பா பேசினார். முப்பது வருஷத்தில் அவர் அண்ணன் முன்னால் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசியது அன்றுதான். குரலில் கோபம் இல்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற குரல்.

"புள்ளை சொன்னது தப்புத்தானுங்கண்ணா. அந்தப் படத்துல தம்பிக்காரன் பங்கு கேக்கறான்." மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்தார். "நாங் கேக்கவே இல்லைங்களே."

அவ்வளவுதான். கையைத் தூக்கவில்லை. கண்ணை உருட்டவில்லை. அண்ணனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பெரியப்பாவிடம் இருந்த அந்த ஒரே வார்த்தை அங்கே உதவவில்லை. பங்கு கேட்டால் 'பாக்கலாம்' எனலாம். கேட்காதவனிடம் என்ன சொல்வது? துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையே இல்லை, இருந்தும் துடைத்தார். 

என் பக்கம் திரும்பாமலே, அந்தக் காகிதம் எங்கே என்று கேட்டார்.

ஓடினேன். அப்ளிகேஷனைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். என் பேனாவைக் கொடுத்தேன். பெரியப்பா வரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக. இரண்டாவது எழுத்தில் அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்து சின்ன ஓட்டை விழுந்தது. பரவாயில்லை. காலேஜில் யாரும் ஓட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. எம்.ஏ. முடித்துவிட்டேன். இப்போது வகுப்பில் நான் இங்கிலீஷ் பேசினால் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்று கேள்வி.

புருவமில்லாதவனை முதல் பாகத்தில் ஹீரோ ஒளி ஈட்டியால் குத்தினான், அவன் சாகவில்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு கிரகத்தையே அவன் தலையில் போட்டான், அப்போதும் சாகவில்லை. மூன்றாம் பாகத்தில் என்ன செய்யப்போகிறார்களோ. இந்த ஹீரோக்களுக்கு யாராவது சொன்னால் தேவலை... குத்துவதாலும் நசுக்குவதாலும் அந்த மாதிரி ஆட்கள் வீழ்வதில்லை.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பெரியப்பா பேனாவைக் கீழே வைத்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"கேட்டுத்தான் தொலையேண்டா."

அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். "மடை மாத்தோணுமுங்க. போயிட்டு வாரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்.

அப்பா இன்றுவரை கேட்கவில்லை. பெரியப்பா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.